கரடி பார்த்தவர்களுக்குப் பரிசு

ஜங்காக்தூ கிராமத்தில் கரடியை நேரில் பார்த்த கடைசி மனிதர் கால்மமத்தின் அப்பா. அதையும் அவர் பார்த்தது ஓஷ் நகரத்து சர்க்கஸில். கரடி சைக்கிள் ஓட்டியது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு மேலே மலையெங்கும் அடர்ந்து கிடக்கும் அக்ரூட் காட்டில் கரடி இருப்பதாக அரசாங்கம் சொன்னது, பலகை வைத்தது, பலகையில் படமும் போட்டது. ஊர்க்காரர்கள் அந்தப் பலகையில் குதிரையைக் கட்டினார்கள்.

இந்த ஊரைத் திருத்தத்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பெகிமை வந்தாள். ‘காட்டின் நண்பர்கள்’ என்ற அமைப்பு, வெளிநாட்டுப் பணம், சேறே பார்க்காத பூட்ஸ். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் போட்டுக் காட்டினாள். காடு நமது வீடு, கரடி நமது விருந்தாளி என்று எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தாள். கரடியைப் பார்த்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று கூடத்தின் நடுவே நடந்தே காட்டினாள். பிள்ளைகளுக்கு அதையே பாட்டாகவும் கற்றுக்கொடுத்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். வெளியே அண்டாவில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. கேரட்டும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்து மணக்கத் தொடங்கியதும் காட்டின் நண்பர்களின் எண்ணிக்கை கூடத்துக்குள் மளமளவென்று குறையும். சாப்பிட்டு முடித்து, உள்ளங்கைகளை விரித்து, முகத்தைத் தடவி ‘ஓமின்’ சொல்லி, ஆளுக்கொரு பச்சைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு காட்டில் விறகு வெட்டுவார்கள்.

அமைப்புக்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. துர்குன்பாய் மாட்டினான். மாட்டினான் என்று அவன் நினைக்கவில்லை, கிடைத்தது என்று நினைத்தான். பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. இப்போது பச்சைத் தொப்பியும், ஏகப்பட்ட பை வைத்த மேல்சட்டையும் சேர்ந்துகொண்டன. அத்தனை பைகளுக்குள்ளும் போட ஒன்றும் இல்லாததால் சூரியகாந்தி விதையை நிரப்பிக்கொண்டு, தெருவில் கொறித்தபடி காட்டைக் காப்பாற்றினான்.

உண்மையில் அவனுக்கென்று அந்த ஊரில் இருந்தவை இரண்டே. ஒன்று வாய், இன்னொன்று மேல்சரிவிலிருந்த அக்ரூட் தோப்பு. நிலம் வனத்துறையுடையது. ஆனால் தாத்தா காலத்திலிருந்தே குத்தகை அவர்கள் குடும்பத்தின் பேரில்தான் இருந்தது. குளிர்காலத்து மாவு, அடுப்புக்கு நிலக்கரி, மகள் சைகலின் கல்லூரிப் படிப்பு எல்லாம் அந்த மரங்களிலிருந்துதான் உதிர்ந்தன. அந்தத் தோப்பு போனால் துர்குன்பாய்க்கு மிஞ்சுவது விசில்தான். இது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி சபீராவுக்கும் தெரியும்.

தோப்பில் ஒரே ஒரு தொல்லை, தூரம். ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிக்கும் முன்பு யாரும் காய் தொடக் கூடாது என்பது கட்டுப்பாடு. நாள் குறித்ததும் ஊரே கூடாரம், பாத்திரம், கோழி, கைக்குழந்தை சகிதம் காட்டுக்குள் குடியேறும். ஆனால் கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தால் அதைத் தாண்டுகிறவன் ஒருவன் இருப்பான் அல்லவா? வருடா வருடம் துர்குன்பாய் போய்ச் சேரும்போது மேல்சரிவின் நல்ல மரங்கள் மட்டும் லேசாக மொட்டையாகியிருக்கும். கீழ்த்தோப்புக்காரன் கால்மமத்தின் மேல் அவனுக்குச் சந்தேகம். கேட்டால் கால்மமத், “காட்டுப்பன்னியா இருக்கும் பைகே” என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வான். எந்தக் காட்டுப்பன்றி மரமேறி உலுக்கும் என்று துர்குன்பாய் கேட்டதில்லை. கேட்டால் பகை, கேட்காவிட்டால் எரிச்சல். எரிச்சலையே வைத்துக்கொண்டான்.

இரண்டாம் வருட வசந்தத்தில் பெகிமை சோர்ந்துபோய்த் துர்குன்பாய் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஒருவர்கூட ஒரு மிருகத்தைப் பற்றியும் தகவல் தருவதில்லை, மேலிடத்தில் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று புலம்பினாள். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அனிபா, ரொட்டி சுடுகிறவள், கையில் ஒட்டிய மாவோடு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

“சுயுஞ்சு! சுயுஞ்சு, துர்குன்பாய் பைகே!”

“ஆகட்டும், தந்தேன்! சொல்லு.”

“உங்க பசு கன்னு போட்டிருச்சு. கிடாரி!”

சபீரா எழுந்து, பெட்டியைத் திறந்து, ஒரு பூப்போட்ட தலைத்துணியை எடுத்து அனிபாவின் தோளில் போட்டாள். அவ்வளவுதான். நல்ல சேதி கொண்டுவருகிறவர் முதலில் சுயுஞ்சு என்று பரிசைக் கேட்பார், கேட்டவர் ஆகட்டும் என்று முதலில் வாக்குக் கொடுப்பார், சேதி அதற்குப் பிறகுதான் வெளியே வரும். வந்த சேதியைத் துருவிக் கேட்பதும் சந்தேகப்படுவதும் வீட்டுக்கு ஆகாது. பெகிமைக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் நகரத்தில் சேதி போனில் வருகிறது. போனுக்கு யாரும் தலைத்துணி போர்த்துவதில்லை.

பெகிமை தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊரைக் கெடுக்க வரும் யோசனைகள் எல்லாம் அப்படி முகத்தில் வெளிச்சத்தோடுதான் வருகின்றன.

“பைகே, மிருகத்தப் பாத்தவங்களுக்கு நாம சுயுஞ்சு குடுத்தா என்ன?”

“மிருகத்தப் பாக்கிறது நல்ல சேதியா?”

“காட்டுக்கு நல்ல சேதிதானே! நம்ம வழக்கத்த வச்சே நம்ம ஜனங்களத் திருத்துறோம். வெளிநாட்டுக்காரங்க இதக் கேட்டா உருகிருவாங்க.”

“பாத்தது நிஜமான்னு எப்படித் தெரியும்?”

“அதக் கேக்கக் கூடாதே! கேட்டா வழக்கத்த அவமதிச்ச மாதிரி ஆயிரும்” என்றாள் பெகிமை. பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கலாம் என முடிவாயிற்று.

அடுத்த வாரம் ஒரு வண்டி நிறைய வெந்நீர்க் குடுவை, தலையில் மாட்டும் விளக்கு, மழைக்கோட்டு எல்லாம் வந்து இறங்கின. துர்குன்பாய் வீட்டுத் திண்டுமெத்தை அறை கடைபோல் ஆகிவிட்டது.

முதலில் வந்தவன் கால்மமத். வாசலிலேயே சுயுஞ்சு என்று கத்தினான். துர்குன்பாய் ஆகட்டும் என்றான்.

“சிவிங்கிப் பூனை பாத்தேன் பைகே. காதுல குஞ்சம் வச்சது. இம்மாம் பெருசு.”

“எங்க பாத்த?”

கால்மமத் வாயைத் திறந்து மூடினான். தன் தோப்பு என்று சொன்னால் அவன் மனைவி காய் பொறுக்க அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அடுத்தவன் தோப்பு என்றால் அடுத்தவன் சண்டைக்கு வருவான். சிவிங்கியைப் பிடித்துவிட்டான், அதை நிறுத்தத்தான் இடம் இல்லை.

அந்த நொடியில் துர்குன்பாய்க்கு மூளை வேலை செய்தது. அது அப்போதே வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

“மேல்சரிவுலயா?” என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தான்.

“அதேதான்! மேல்சரிவு! உங்க தோப்புலதான் பைகே, நடு மரத்தடியில” என்று கால்மமத் பாய்ந்து பிடித்துக்கொண்டான். வெந்நீர்க் குடுவையோடு போனான்.

துர்குன்பாய்க்கு வாயெல்லாம் பல். காசில்லாமல் ஒரு காவல் கிடைத்துவிட்டது. சிவிங்கி திரியும் தோப்பில் எவன் போய்க் காய் திருடுவான்? இனி வருகிறவர்கள் எல்லோருக்கும் அவனே இடத்தை எடுத்துக்கொடுத்தான். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. ஊரில் யாருக்கும் தங்கள் தோப்பில் மிருகம் வேண்டாம், எல்லோருக்கும் குடுவை வேண்டும்.

அனிபா பனிச்சிறுத்தை பார்த்தாள். ரொட்டி அடுப்பை விட்டு அரைநாள்கூட நகராதவள், மேல்சரிவில் பார்த்தாள்.

“எப்படி இருந்துச்சு அனிபா?”

“என் மாமியார் மாதிரி முறைச்சுச்சு பைகே. வால் மட்டும்தான் கூடுதல்.”

அவளுக்கு மழைக்கோட்டு. முன்பு தபால்காரராக இருந்தவர் முள்ளம்பன்றி பார்த்தார், தலைவிளக்கு. அது அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்றதும் முள்ளம்பன்றி கரடியாகிவிட்டது, கரடிக்கு மழைக்கோட்டு. பிறகு கரடி பெருகியது. குட்டியோடு கரடி, நொண்டிக் கரடி, ஆற்றில் குளிக்கும் கரடி. கூச்சமே இல்லாத ஒருவன் கரடி தனக்கு வணக்கம் வைத்ததாகச் சொன்னான். துர்குன்பாய் எல்லோருக்கும் ஆகட்டும், தந்தேன் என்றான். வழக்கம் அப்படி.

இதையெல்லாம் அப்படியே நம்பிய ஒரே ஜீவன் சபீரா. புல் அறுக்கும் பருவம் வந்தபோது அவள் மேல்சரிவுக்குப் போக மறுத்துவிட்டாள்.

“அத்தன கரடிக்கு நடுவுல நான் அரிவாளத் தூக்கிட்டுப் போகணுமா? சைகலோட அப்பா, உங்களுக்கு இன்னொரு கல்யாண யோசனை இருந்தா நேராச் சொல்லுங்க.”

எல்லாம் வெறும் கதையடி என்று சொல்ல அவன் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சபீராவிடம் சொன்னால் அது அனிபாவின் அடுப்படிக்குப் போகும், அடுப்படிக்குப் போனால் ரொட்டியோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு போகும். விழுங்கிக்கொண்டான். தானும் போகவில்லை. கரடிக்கூட்டத்துக்கு நடுவே அவன் மட்டும் கைவீசிக்கொண்டு போய்வந்தால் ஊர் என்ன நினைக்கும்? கோடை முழுக்க மேல்சரிவில் புல் அறுபடவில்லை. மாடு ஏறவில்லை. நாய் குரைக்கவில்லை. விறகு வெட்டவும் ஒருவரும் போகவில்லை. தான் சொன்னது பொய் என்று அவரவருக்குத் தெரியும், அடுத்தவன் சொன்னதும் பொய்தானா என்று யாருக்கும் தெரியாது. துர்குன்பாய் தெருவில் விதை கொறித்தபடி, இந்த வருடம் முழு விளைச்சலும் நமக்குத்தான் என்று மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

பெகிமை பெரிய வரைபடம் ஒன்றைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டி, சேதி வர வர சிவப்புக் குண்டூசி குத்தினாள். மற்ற சரிவுகள் எல்லாம் வெறிச்சென்று கிடக்க, துர்குன்பாயின் தோப்பு மட்டும் அம்மை போட்ட முகம்போல் சிவந்திருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு பதக்கமும், பின்னால் ஒரு அரசாங்கக் குழுவும் இருந்தன.

கோடை முடிகிற நேரம். அறுவடைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. குழுவின் தலைவர் கனத்த மனிதர், கனத்த மூச்சு. பள்ளிக்கூடக் கூடத்தில் அவரை வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் உட்காரவைத்து, ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் காதை அறுத்துப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தார், கண்ணை எடுத்துத் தானே சாப்பிட்டார், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வரைபடத்துக்குப் போனார். குச்சியால் சிவப்பு இடத்தைத் தட்டினார்.

“இவ்வளவு மிருகம் ஒரே எடத்துல இருக்கிறது நாட்டுக்கே பெருமை. மேல்சரிவ காப்புக்காட்டோட உள்வட்டமா ஆக்குறோம். இந்த இலையுதிர்காலத்துலேருந்தே.”

ஜனங்கள் கைதட்டினார்கள். துர்குன்பாயும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டான். அதன்பின்தான் காதில் விழுந்தது மனதுக்குள் இறங்கியது.

“உள்வட்டம்னா?” என்றான்.

“உள்ள மனுஷன் கால் வைக்கக் கூடாது. மாடு கூடாது, கோடாலி கூடாது, மூட்டை கூடாது.”

“அக்ரூட்?”

“மிருகங்களுக்கு.”

துர்குன்பாய் வரைபடத்தின் சிவப்பைப் பார்த்தான். தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறையும் கூடாரம் போட்ட மரங்கள். சைகலின் கடைசி வருடப் படிப்பு அந்தக் கிளைகளில்தான் இன்னும் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவன் எழுந்தான்.

“தலைவரே, அங்க மிருகமே கிடையாது.”

கூடத்தில் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

“பைகே, என்ன சொல்றீங்க?” என்றாள் பெகிமை.

“எல்லாம் பொய்ம்மா. குடுவைக்காகச் சொன்னது. மேல்சரிவுன்னு எடுத்துக்குடுத்ததே நான்தான். காய் திருட்டுப் போகாம இருக்கட்டும்னு. இதோ, கால்மமத்தக் கேளுங்க!”

கால்மமத் மெல்ல எழுந்தான். அவன் கீழ்த்தோப்பு வரைபடத்தில் ஓர் ஊசிகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பம்.

“நான் பாத்தது பாத்ததுதான் பைகே. காதுல குஞ்சம் இருந்துச்சு. ஊர் கூடியிருக்கு, பெரியவங்க இருக்காங்க, என்னப் பொய்யன்னு சொல்றீங்களே, நியாயமா?”

“அனிபா! நீயாவது சொல்லு!”

அனிபா தலைத்துணியைச் சரிசெய்தாள். “நான் ஏன் பைகே பொய் சொல்லப்போறேன்? வால் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பனிச்சிறுத்தையைக் காப்பாற்றுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. தபால்காரர் வந்தார், கரடிக்குச் சாட்சி சொன்னார். கரடி வணக்கம் வைத்தவன் இப்போது அது இரண்டு கையாலும் வைத்தது என்றான். ஒவ்வொருவராக எழுந்து துர்குன்பாயின் தோப்பை மிருகங்களால் நிரப்பினார்கள். அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவனுக்கே ஒப்பித்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவன் அதற்கு வெளிநாட்டுச் செலவில் ஏற்பாடு செய்துகொண்டான்.

பின்வரிசையில் சபீரா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புல், அவளுடைய கோடை, அவளுடைய பயம் எல்லாம் எங்கே போயின என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது.

தலைவர் சிரித்தார். “நெலம் போகுதுன்னா எல்லா ஊர்லயும் ஒருத்தர் எழுந்து மிருகமே இல்லன்னு சொல்லுவார். ஆனா அந்தத் தொப்பியோட எழுந்தது நீங்கதான் மொத ஆளு.”

துர்குன்பாய் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “நாளைக்குக் காலையில வாங்க, ஏறிப் பாப்போம். ஒரு கால்தடம் இருக்கட்டும், என் கையாலயே குத்தகைய எழுதிக் குடுத்துட்டுப் போறேன். ஒண்ணும் இல்லன்னா?”

“இல்லன்னா இந்தக் கீழ்ச்சரிவ யோசிப்போம்” என்று தலைவர் குச்சியை நகர்த்தினார். கால்மமத்தின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அன்று கூட்டத்தில் துர்குன்பாய்க்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

மறுநாள் காலை ஊர்வலம் கிளம்பியது. தலைவர் கால்மமத்தின் குதிரைமேல். பெகிமை கேமராவோடு. பின்னால் கரடி நமது விருந்தாளி என்று நெஞ்சில் எழுதிய பச்சைச் சட்டைகள். சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் வந்தார்கள், வராமல் இருந்தால் சந்தேகம் வரும். எல்லோர் முகத்திலும் திருடப்போகிற கலவரம். வேறெந்த நாளிலும் இந்த ஊர் இவ்வளவு மனதார ஒரு கரடிக்காக வேண்டிக்கொண்டதில்லை. சபீராவும் வந்தாள். கணவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

துர்குன்பாய் முன்னால் நடந்தான். நடக்க நடக்க அவனுக்குத் தைரியம் கூடியது. உண்மை பேசிய மனிதனின் நிம்மதி அது. அவனுக்கு அது புதிது, அதனால் கொஞ்சம் தள்ளாடினான்.

“பாருங்க தலைவரே, நல்லாப் பாருங்க! காக்கா கூட இல்ல! எங்க சிறுத்த? எங்க சிவிங்கி? கால்மமத், கூப்பிடு பாப்போம், உன் சத்தம் கேட்டா வருமோ என்னவோ!”

தோப்புக்குள் நுழைந்தார்கள். அறுக்காத புல் இடுப்புவரை நின்றது. கோடையெல்லாம் ஆள் வராத இடத்துக்கு ஒரு மணம் உண்டு, அது அடித்தது. பெகிமை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மேலே எங்கோ படீரென்று ஒரு கிளை முறிந்தது.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நடு மரத்தில், நல்ல தடித்த கவட்டையில், ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. சர்க்கஸ் கரடி அல்ல, சைக்கிள் இல்லை. பழுப்பு ரோமம், வெள்ளை நகம். முறித்த கிளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பச்சைக் காயை ஓட்டோடு கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கிளையில் இரண்டு குட்டிகள் தாய் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் ஓடியது பெகிமை. ஓடக் கூடாது, கத்தக் கூடாது என்று இரண்டு வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், கத்திக்கொண்டே ஓடினாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஓடினார்கள். தலைவர் சரிவில் இறங்கி நின்றதால் காலியாக இருந்த குதிரைமேல் கால்மமத் தாவி ஏறிப் போய்விட்டான். குதிரை அவனுடையதுதானே. தலைவர் அந்த உடம்போடு புல்லுக்குள் உருண்டார். சிறுத்தையையும் சிவிங்கியையும் கோடையெல்லாம் அசராமல் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், தங்கள் வாழ்நாளில் முதல்முதலாக ஒரு மிருகத்தைப் பார்த்துவிட்டு, கரடி நமது விருந்தாளி என்ற சட்டையோடு கண் மண் தெரியாமல் ஓடினார்கள்.

துர்குன்பாய் ஓடவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது கரடியை அல்ல, முறிந்து தொங்கிய கிளையை. அவன் அப்பா ஒவ்வொரு வருடமும் முதல் காயைப் பறிக்கும் கிளை அது. கரடியின் மேல் வந்த கோபமா, தன் மேல் வந்த கோபமா என்று பிரிக்கத் தெரியாமல் அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

“எறங்கு! ஏய்! அது என் மரம்!”

கரடி தின்பதை நிறுத்தி அவனைப் பார்த்தது. வீடு மாறி வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் இறங்கி, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, உயர்ந்த புல்லை விலக்கியபடி மேலே போயிற்று. கோடையெல்லாம் நடந்து நடந்து புல்லில் அதற்கு ஒரு பாதையே விழுந்திருந்தது.

கீழே அறிவிப்புப் பலகையருகே எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு கூடினார்கள். பெகிமைக்கு ஒரு பூட்ஸ் இல்லை, கண்ணில் தாரை தாரையாக நீர்.

“பைகே, நாம ஜெயிச்சிட்டோம். ஜனங்க ஒதுங்கிக்கிட்டாங்க, அதுங்க திரும்பி வந்திருச்சு. இதான், இதான் நம்ம வேலையோட பலன்!”

அவள் சொன்னது உண்மை, அதுதான் கொடுமை. இரண்டு வருடப் பாட்டும் படமும் புலாவும் செய்யாததை ஒரு கோடைகாலப் பொய் செய்து முடித்திருந்தது. கரடிக்கு யாருடைய நட்பும் வேண்டியிருக்கவில்லை. மனிதன் வராமலிருந்தால் போதும் என்று இருந்தது. இந்த ஊரில் யாருக்கும் காட்டின்மேல் அன்பு வரவில்லை, பயம் வந்தது. பயம் நன்றாகவே வேலை செய்தது.

தலைவர் கோட்டிலிருந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். “ஒரு கால்தடம் இருந்தாப் போதும்னீங்க. மூணு கரடியக் காட்டிட்டீங்களே! பன்னெண்டு காலு!”

ஊரே சிரித்தது. உயிர் பிழைத்த சிரிப்பு, மழைக்கோட்டும் தோப்பும் பிழைத்த சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் கால்மமத். துர்குன்பாய் வாக்குக் கொடுத்திருந்தான். ஊர் முன்னால் சொன்ன வாக்கு. பலகையின் மேலேயே தாளை வைத்து, கரடிப் படத்தின் மூக்குக்கு நேரே, கையெழுத்துப் போட்டான்.

சபீரா புல்லே அறுக்காத அரிவாளோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

இலையுதிர்காலம் வந்தது. நாள் குறித்தார்கள். ஊர் கூடாரங்களோடு காட்டுக்குள் போயிற்று. துர்குன்பாயை மாற்று வாழ்வாதாரப் பயிற்சி என்று மாவட்டத் தலைநகருக்கு அனுப்பி சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சைகல் படிப்பை நிறுத்திவிட்டு, துணிக்கடையில் நிற்க ஓஷுக்குப் போனாள். அவளை வேனில் ஏற்றிவிட்டு வந்த அன்று சபீரா பிள்ளையின் படுக்கையைச் சுருட்டி மூலையில் வைத்தாள். துர்குன்பாய் வெளியே போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காட்டிலிருந்து மூட்டை ஏற்றிய வண்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அக்ரூட் தோல் உரித்த சாறு பட்டால் கை கரியாகக் கறுத்துவிடும், மாதக்கணக்கில் போகாது. அந்தப் பருவத்தில் ஜங்காக்தூவில் ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் கறுத்த கைதான். வெள்ளைக் கையோடு திரிகிறவன் அதிகாரியாக இருப்பான், இல்லையென்றால் நாதியற்றவனாக இருப்பான். கால்மமத் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, இரண்டு கையாலும் துர்குன்பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அடேயப்பா, என்ன சுத்தம் பைகே! சோப்புப் பயிற்சியோட சோப்பா? ஆபீசர் கை மாதிரியே இருக்கு.”

துர்குன்பாய் கையை இழுத்துக்கொண்டான். வண்டி போன பிறகும் அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பினால் வாசலில் சபீரா நின்றுகொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

“அன்னைக்குக் கூட்டத்துல நான் உண்மையத்தான் சொன்னேன் சபீரா. சத்தியமா, அங்க ஒண்ணுமே இல்லன்னுதான் நெனச்சேன்.”

சபீரா புல் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

“ஆயுசுல ஒரே ஒரு நாள் உண்மை பேசினீங்க, சைகலோட அப்பா. அதையும் ஒரு கரடி வந்து பொய்யாக்கிட்டுப் போயிருச்சு.”

சொல்லிவிட்டு, பசுவுக்குப் போடப் புல் கேட்க அனிபா வீட்டுக்குப் போனாள்.